ஒரே இரவில் விழும் பங்கு: ஸ்டாப் லாஸா, புட் ஆப்ஷனா, குறைத்துக்கொள்வதா?

2022 பிப்ரவரி 2 அன்று, பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் பங்கு 323 டாலரில் முடிந்தது. சந்தை மூடிய பிறகுதான் காலாண்டு முடிவு வந்தது. பேஸ்புக்கைத் தினமும் பயன்படுத்துவோர் எண்ணிக்கை முதல்முறையாகக் குறைந்திருந்தது. ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை மாற்றத்தால் அந்த ஆண்டு சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் போகும் என்று நிறுவனமே சொன்னது. மறுநாள் வர்த்தகம் தொடங்கியதே 245 டாலர் வாக்கில். அன்று மட்டும் 26 சதவீதச் சரிவு.

300 டாலரில் ஸ்டாப் லாஸ் (விலை அந்த அளவுக்கு இறங்கினால் தானாக விற்கச் சொல்லும் ஆணை) போட்டிருந்தவருக்கு என்ன கிடைத்திருக்கும்? 300 அல்ல. வழக்கமான சந்தை நேரத்தில் அந்த விலையில் வியாபாரமே நடக்கவில்லை. காலையில் கிடைத்த 245 வாக்கில்தான் விற்றிருக்கும். '295க்குக் கீழே விற்காதே' என்று வரம்பும் வைத்திருந்தால் விற்றே இருக்காது. படிப்படியாக இறங்கும் பங்குக்கு ஸ்டாப் லாஸ் சரி. ஆனால் தொழில்நுட்பப் பங்குகளின் பெரிய அடிகள் பெரும்பாலும் சந்தை மூடியிருக்கும்போதுதான் விழுகின்றன. 2025 ஜனவரி 27 அன்று, சீனாவின் டீப்சீக் செயற்கை நுண்ணறிவு கிளப்பிய பரபரப்பில் சிப் நிறுவனமான என்விடியா 17 சதவீதம் விழுந்தபோதும் அப்படித்தான்: 142 டாலருக்கு மேல் முடிந்திருந்த பங்கு 125க்குக் கீழே திறந்தது.

புட் ஆப்ஷன் இந்த இடைவெளியைத் தாண்டிக் காப்பாற்றும். 300 டாலர் புட் கையில் இருந்தால், சந்தை எங்கே திறந்தாலும் 300க்கு விற்கும் உரிமை உண்டு. ஆனால் காலாண்டு முடிவு நெருங்கும்போது எல்லோரும் அதையே தேடுவதால் பிரீமியம், அதாவது புட் வாங்கக் கொடுக்கும் விலை, ஏறிவிடும். அமெரிக்காவில் ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கு. 20 பங்கு வைத்திருப்பவருக்கு அது பொருந்தாத அளவு. காலாவதி வேறு இருக்கிறது. மெட்டா அதோடு நிற்காமல் நவம்பரில் 90 டாலருக்கும் கீழே போனது. மார்ச்சில் முடிந்துபோன புட் அதற்கு உதவாது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு, பங்கின் அளவையே குறைப்பதற்கு. மொத்த முதலீட்டில் 40 சதவீதம் ஒரே பங்கில் இருந்தால் 26 சதவீதச் சரிவு பத்து சதவீதத்துக்கு மேல் தின்றுவிடும்; 10 சதவீதம்தான் இருந்தால் போவது 2.6. திடீர் வீழ்ச்சி, மெதுவான தேய்வு இரண்டுக்கும் இது செல்லும். வரி கட்ட வேண்டியிருக்கும். பின்னால் வரும் ஏற்றத்தில் ஒரு பகுதி கைநழுவும், அது வலிக்கவும் செய்யும்: 2023 முடிவில் மெட்டா 350ஐத் தாண்டியிருந்தது. ஆனால் 2000 மார்ச்சில் 80 டாலரைத் தொட்ட, நெட்வொர்க் கருவிகள் விற்கும் சிஸ்கோவின் பங்கு 2002இல் பத்துக்கும் கீழே கிடந்தது. எது மீளும் என்று விழும் நாளில் தெரியாது.

நிறுவனப் பங்கைச் சம்பளத்தின் பகுதியாக வாங்கும் ஊழியர்கள் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். சொந்த நிறுவனப் பங்குக்குப் புட் வாங்கப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. கைக்கு வர வர ஒரு பகுதியை விற்பதுதான் வழி. மெட்டா பங்கு அடிமட்டத்தில் கிடந்த அதே 2022 நவம்பரில்தான் அங்கே 11,000 பேருக்கு வேலை போனது.