டெல்லியின் குடியரசுத் தலைவர், கொழும்பின் ஜனாதிபதி: கையெழுத்து யாருடையது, முடிவு யாருடையது?

நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவைக் கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைக்க இந்த இருவரில் யாரால் முடியும்? இலங்கை ஜனாதிபதியால்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். இலங்கையில் சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டாலே சட்டமூலம் (மசோதா) சட்டமாகிவிடும். சர்வசன வாக்கெடுப்புக்கு, அதாவது மக்களிடம் நேரடியாகக் கேட்கும் வாக்கெடுப்புக்குப் போகிறவற்றை விட்டால் ஜனாதிபதியின் கையெழுத்துக்கு அங்கே வேலை இல்லை. இந்தியாவிலோ 111வது பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒப்புதல் தர வேண்டும். பண மசோதா தவிர மற்றதை ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் நிறைவேறி வந்தால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். ஆனால் இத்தனை நாளுக்குள் என்ற கெடு இல்லை. 1986இல் மக்களின் கடிதங்களை இடைமறிக்க அரசுக்கு வழிசெய்த அஞ்சல் மசோதாவை அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஏற்கவும் இல்லை, திருப்பவும் இல்லை. அது அப்படியே கிடந்தது.

ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவைக்கும் மாநில மசோதா என்றால் நிலைமை இன்னும் மோசம். 201வது பிரிவு சட்டப்பேரவைக்குத்தான் ஆறு மாதக் கெடு வைக்கிறது, குடியரசுத் தலைவருக்கு இல்லை. பேரவை மறுபடி நிறைவேற்றினாலும் அவர் ஒப்புதல் தர வேண்டிய கட்டாயமில்லை. மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்விலிருந்து விலக்குக் கேட்ட தமிழ்நாட்டின் மசோதா 2022 பிப்ரவரியில் இரண்டாம் முறை நிறைவேறியது. நிராகரிப்பு வெளியே தெரிந்தது 2025 ஏப்ரலில். ஒரு மாநிலத்தின் பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு என்பது சின்னக் காலம் அல்ல. இந்தப் பிரிவில் கெடு எழுதப்படாதது பெரிய குறை.

ஆனால் அந்த நிராகரிப்பைக் குடியரசுத் தலைவரின் சொந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 74வது பிரிவுப்படி அவர் அமைச்சரவையின் ஆலோசனைக்குக் கட்டுப்பட்டவர். 1976இல் 42வது திருத்தம் இதை வெளிப்படையாகவே எழுதியது. ஆலோசனையை ஒரே ஒரு தடவை மறுபரிசீலனைக்குத் திருப்பலாம் என்ற வழி 1978இன் 44வது திருத்தத்தில் வந்தது. சிறிய வழிதான், ஆனால் பலித்திருக்கிறது. 1997இல் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் பரிந்துரையை அப்போதைய குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திருப்பினார், அமைச்சரவை அதை வற்புறுத்தவில்லை.

கொழும்பில் கணக்கே வேறு. 1978 அரசியலமைப்பின்படி ஜனாதிபதிதான் அமைச்சரவையின் தலைவர். இந்தியாவில் குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். இலங்கையில் மக்கள் நேரடியாக 1, 2, 3 என்று விருப்பத்தைக் குறித்து வாக்களிக்கிறார்கள். 2024 செப்டம்பரில் யாரும் பாதியைத் தாண்டாததால் முதன்முறையாக இரண்டாவது விருப்பங்களையும் எண்ண வேண்டி வந்தது. மக்களே தேர்ந்தெடுத்தவர் என்ற பலம் சாதாரணமானதல்ல. அதனால்தான் அவரைக் கட்டும் விதிகளைத் துல்லியமாக எழுத வேண்டியிருக்கிறது.

2018 அதற்குச் சாட்சி. நாலரை ஆண்டு முடியும்வரை பாராளுமன்றத்தை ஜனாதிபதி தானாகக் கலைக்க முடியாது என்று 19வது திருத்தம் சொல்லியிருந்தது. 2015இல் தெரிவான சபையை அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 2018 நவம்பர் 9 அன்று கலைத்தார். கலைக்கும் பொது அதிகாரம் இன்னோர் உறுப்புரையில் தனியாக இருக்கிறது என்பது அவர் தரப்பு வாதம். உச்ச நீதிமன்றம் (அங்கே அதற்கு உயர் நீதிமன்றம் என்று பெயர்) டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக அதை நிராகரித்தது. இன்று அந்த வரம்பு இரண்டரை ஆண்டாகச் சுருங்கிவிட்டது. இந்தியாவில் மக்களவையைக் கலைப்பது பிரதமர் தலைமையிலான அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான்.

பொதுமன்னிப்பில்தான் வித்தியாசம் நேரடியாக உயிரைத் தொடுகிறது. இந்தியாவில் கருணை மனுவின் முடிவும் அமைச்சரவையுடையதே. அங்கே நோய் தாமதம். ராஜீவ் கொலை வழக்கில் மூவரின் மனுக்கள் 11 ஆண்டு கிடந்து 2011இல் நிராகரிக்கப்பட்டன. அந்தத் தாமதத்தைக் காரணம் காட்டியே 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. இலங்கையின் 34வது உறுப்புரை, மரண தண்டனைக் கைதிக்கு மன்னிப்புத் தரும் முன் விசாரித்த நீதிபதியின் அறிக்கை, சட்டமா அதிபரின் (அரசின் தலைமை வழக்கறிஞரின்) ஆலோசனை, நீதி அமைச்சரின் பரிந்துரை மூன்றையும் கேட்கிறது. முடிவு மட்டும் ஜனாதிபதி ஒருவருடையது. 2000 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலில் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்ற இராணுவச் சிப்பாய்க்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியானது. 2020 மார்ச்சில் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தார்.