குருநகர்க் கணவாய் மை: மின்வாய்க்குத் தாராளமாக, திரான்சிஸ்டருக்கு வேண்டாம்

தோலுக்கும் முடிக்கும் கருநிறம் தரும் நிறமியான மெலனினில் மின்னணுக் கருவி செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. குருநகர், பாசையூர்ப் பக்கம் கணவாய் துப்புரவாக்கும்போது கழித்து எறியும் மைப்பைதான் அது. ஆய்வுகூட இரசாயனம் விற்கும் சிக்மா-ஆல்ட்ரிச் நிறுவனம் போத்தலில் விற்கும் செப்பியா மெலனினும் கணவாய் மையிலிருந்து எடுத்ததுதான்.

உள்ளே தடித்த வெள்ளை ஓடு உள்ள கணவாயாகப் பார்த்துக் கேளுங்கள். அதில்தான் மை கூட. பிடிபடும்போதே மையைக் கக்கியிருந்தால் பை சுருங்கிக் கிடக்கும், அது வேண்டாம். கிழியாத பையை உடனே ஐஸில் வையுங்கள்.

சுத்திகரிப்பில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மையை 0.5 மோலார் ஐதரோகுளோரிக் அமிலத்தில் அரை மணித்தியாலம் கலக்கி, 10 பாகை செல்சியஸில் ஒரு நாள் வைத்து, மையநீக்கியில் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓட்டி, அடியில் படிவதை எடுக்கவேண்டும். அமிலத்தால் மூன்று தரம், பிறகு காய்ச்சி வடித்த நீரால் பல தரம் கழுவுங்கள். கழுவிய நீரில் வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டால் வெண்மை தெரியக்கூடாது. உறையவைத்து உலர்த்தினால் நல்ல தூள். சூட்டடுப்பில் வைத்தால் கல்லுப்போலக் கட்டிபடும்.

இவ்வளவு கழுவுவது குளோரைட்டுக்குப் பயந்துதான். அது மிஞ்சினால், ஏறக்குறைய ஒரு வோல்ற்றிலேயே ஈரமான மெலனினில் தங்க மின்வாய் (எலெக்ட்ரோட்) கரைந்து, கிளைவிட்டு மறுபக்க மின்வாயைத் தொடும். மின்னோட்டம் திடீரென எகிறும். 1974 இல் மக்கின்னஸ், கோரி, புரொக்டர் என்ற ஆய்வாளர் மூவரும் மெலனின் ஆளியை (சுவிட்ச்) அறிவித்த நாளிலிருந்து, இப்படி எகிறுவதைக் கண்டவுடன் 'ஆளி கிடைத்துவிட்டது' என்று துள்ளுபவர்கள் இருக்கிறார்கள். நுணுக்குக்காட்டியில் மின்வாய் விளிம்பைப் பார்த்துவிட்டுத் துள்ளலாம். செப்பு மின்வாய் இன்னும் மோசம், மெலனின் செப்பு அயனைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த தலையிடி ஈரப்பதன். மெலனினின் கடத்துதிறனில் நீரும் புரோத்தனும் பெரும்பங்கு வகிப்பதை மொஸ்டர்ட் என்பவரின் ஆய்வுக் குழு 2012 இல் காட்டியது. மாரியில் எடுத்த அளவீடு சித்திரை வெயிலில் எடுத்ததோடு ஒத்துவராது. மூடிய பெட்டிக்குள் உப்பின் நிரம்பிய கரைசல் வையுங்கள், ஈரப்பதன் ஒரே அளவில் நிற்கும்: மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதம், சோடியம் குளோரைட்டுக்கு 75, பொற்றாசியம் சல்பேற்றுக்கு 97. (ஆனையிறவு உப்பு கறிக்கு நல்லது, இதற்கு ஆய்வுகூட உப்புத்தான், மக்னீசியம் கலந்தால் 75 நிலைக்காது.)

மின்வாய்ப் பொருளாக இந்த மையைத் தயங்காமல் எடுக்கலாம். 2013 இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீர்க்கரைசலில் இயங்கும் சோடியம் அயன் மின்கலத்தில் கணவாய் மெலனினிலிருந்து கிராமுக்குச் சுமார் 30 மில்லி அம்பியர் மணி எடுத்தார்கள். ஈரப்பத உணரிக்கும் உதவும். திரான்சிஸ்டருக்கு வேண்டிய மெல்லிய சீரான படலத்துக்கு மட்டும் சரிவராது. நூற்றைம்பது நானோமீற்றர் அளவிலான மெலனின் மணிகள் நீரில் கரையாமல், காயும்போது ஓரத்தில் ஒதுங்கி, படலம் வெடிப்பு விடும். சோடியம் ஐதரொட்சைட்டில் கரைத்தால் மணியின் அமைப்பே குலைந்துவிடும். படலம்தான் தேவையென்றால் மையை விட்டுவிட்டு, பீஎச் 8.5 திரிஸ் தாங்கற் கரைசலில் (பீஎச் மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) மில்லிலீற்றருக்கு 2 மில்லிகிராம் டோபமீன் கரைத்து, கண்ணாடித் துண்டை ஒரு நாள் அமிழ்த்தி வையுங்கள். மெலனின் போன்ற படலம் 50 நானோமீற்றர் வரை படியும்.