அடித்த கத்தியா, அறுத்த கத்தியா? சொல்லிச் செய்து வாங்குபவருக்கு ஓர் அலசல்

கத்தி செய்யச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் சொல்வது இதைத்தான்: "எனக்கு அடிச்ச கத்திதான் வேணும்." ஏன் என்று கேட்டால், "அதுதானே உறுதி" என்பார்கள். நான் உடனே மறுத்துப் பேசுவதில்லை. பட்டறையில் எப்போதும் இருக்கும் இரண்டு கத்திகளை எடுத்துக் கையில் கொடுப்பேன். ஒன்று உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து உருவாக்கியது. மற்றது, ஆலையிலிருந்து வரும் உருக்குப் பட்டையில் வடிவம் வரைந்து, அறுத்து, சாணை பெல்ட்டில் தேய்த்து எடுத்தது. இரண்டும் ஒரே நீளம், ஒரே உருக்கு. எது அடித்தது என்று கேட்டால் பலரும் தடுமாறுவார்கள். வெட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் கத்தியின் முதுகைக் கட்டைவிரலால் பிடியிலிருந்து முனைவரை வருடிப் பார்க்கிறவர் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்.

அந்த முதுகில்தான் விஷயம் இருக்கிறது. அடித்த கத்தி பிடியருகே 5 மில்லிமீட்டர் தடிமனில் தொடங்கி, முனைக்குப் போகப் போக மெலிந்து, கடைசியில் 1 மில்லிமீட்டருக்கு வந்து நிற்கும். சம்மட்டி உருக்கைத் தள்ளிக்கொண்டு போனதால் வந்த மெலிவு அது. பிடியும் அலகும் சேரும் இடத்தில் இருக்கும் கனத்த கழுத்தையும் தனியாக ஒட்ட வேண்டியதில்லை, அதே கம்பியிலிருந்து எழுப்பிவிடலாம். கையில் எடுத்தால் எடை பின்பக்கம் நிற்கும், முனை சொன்ன இடத்துக்குப் போகும். அறுத்தெடுக்கும் முறையிலும் இதைச் செய்யலாம். ஆனால் கழுத்துக்குத் தேவையான தடிமனில் பட்டையை எடுத்து, மீதி அத்தனையையும் பொடியாகத் தேய்த்துத் தள்ள வேண்டும். அதனால் அறுத்த கத்திகள் பெரும்பாலும் பட்டையின் தடிமனை முக்கால் நீளத்துக்கு அப்படியே வைத்துக்கொள்ளும். இது குறையல்ல. தடிமனான, நேரான முதுகு வேண்டும் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, உறுதி?

"அடிக்க அடிக்க இரும்பு இறுகும்" என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது. தாதுவை முழுக்க உருக்காமல் பிரித்தெடுத்த பழைய இரும்புக் கட்டிக்குள் கசடு சிக்கியிருக்கும். கரியும் (கார்பன்) ஓரிடத்தில் கூடுதல், ஓரிடத்தில் குறைவு. காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடி அடித்தால்தான் கசடு பிதுங்கி வெளியே வரும், கரி சீராகும். இன்று கைக்கு வரும் பட்டை ஆலையில் பெரிய உருளைகளுக்கு நடுவே சூட்டோடு நசுங்கி வந்தது. பழைய கொல்லர் சம்மட்டியால் செய்த வேலை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் நாம் அடித்து அதன் அடர்த்தியைக் கூட்ட முடியாது. பழுத்த உருக்கு அடிபட்ட இடத்திலிருந்து நகர்ந்து வேறு பக்கம் போகும், அவ்வளவுதான்.

சொல்லப்போனால், அடிப்பதில் கெடுத்துவிடும் வாய்ப்புதான் கூடுதல். ஒவ்வொரு முறை உலைக்குள் போகும்போதும் மேற்பரப்பில் இருக்கும் கரி கொஞ்சம் எரிகிறது. சூடு எல்லை மீறினால் உருக்குக்குள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகள் பெருத்துவிடும். அப்படிப் பெருத்த ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள், உடைந்த முகம் சர்க்கரையைத் தூவியதுபோல் மினுங்கும். நல்ல துண்டு சாம்பல் நிற வெல்வெட்டுபோல், ஒளியே இல்லாமல் இருக்கும். அதனால் அடித்து முடித்ததும் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து, காய்ச்சிக் காற்றிலேயே ஆறவிடுகிறோம். பெருத்த மணிகளைத் திரும்பப் பொடியாக்கும் வேலை அது. அறுத்த கத்திக்கு இந்தப் பரிகாரம் பெரும்பாலும் தேவைப்படாது. ஆலையிலிருந்து வந்த பக்குவமே போதும்.

கத்தி கத்தியாவது தோய்ச்சலில், அதாவது காய்ச்சிய அலகைச் சட்டென்று குளிர்வித்து இறுகவைப்பதில். அந்த இடத்துக்கு இரண்டும் ஒரே வழியாகத்தான் வந்து சேர வேண்டும். 1084 என்ற எளிய கரி உருக்கை எடுத்துக்கொள்வோம். 0.84 விழுக்காடு அளவுக்குக் கரி, பெரிதாக வேறு கலப்பு இல்லை. சூடேறும்போது 770 டிகிரி செல்சியஸ் வாக்கில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே, 800 முதல் 815 வரை கொண்டுபோய், 50 டிகிரிக்குச் சூடாக்கி வைத்த எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். அந்த முதல் ஒரு விநாடிதான் எல்லாம். வெளியே எடுத்துத் துடைத்து, கூர் வரப்போகும் ஓரத்தில் அரத்தைப் போட்டால், கண்ணாடியில் ஓடுவதுபோல் வழுக்க வேண்டும். அரம் பிடித்தால் தோய்ச்சல் விழவில்லை என்று அர்த்தம். வழுக்கினாலும் அந்த நேரத்தில் அலகைக் கீழே போட்டுவிடாதீர்கள், உடைந்துவிடும். உடனே 200 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். பளபளப்பாகத் தேய்த்து வைத்திருந்தால் வைக்கோல் நிறம் ஏறியிருக்கும். கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 60 பக்கம் வந்து நிற்கும்.

ஒரு முறை 1095 உருக்கில் மூன்று நாள் உழைத்து அடித்த அலகு. அந்த உருக்கு இன்னும் வேகமாகக் குளிர வேண்டும் என்று கேட்கும் வகை. என்னிடம் இருந்த எண்ணெய் போதாது என்று பயந்து தண்ணீரில் இறக்கினேன். "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். எடுத்துப் பார்த்தால் வாயிலிருந்து, அதாவது கூர் ஓரத்திலிருந்து, முதுகை நோக்கி முடி அளவுக்கு ஒரு கீறல். மூன்று நாள் அடித்ததெல்லாம் அந்தக் கீறலைத் தடுக்கவில்லை. கேட்டிருந்தவரிடம் உண்மையைச் சொல்லி, இன்னும் சில வாரம் பொறுக்கச் சொன்னேன். அன்றிலிருந்து "அடித்தால் உறுதி" என்ற வார்த்தையை நான் விற்பதில்லை.

இரண்டு வழியிலும் பெரிய கைகள் உண்டு. அமெரிக்காவின் பில் மோரன் 1973இல் தான் அடித்த டமாஸ்கஸ் கத்திகளை (இரண்டு வகை உருக்கை அடுக்கி அடித்து வரி எழுப்பியவை) காட்சிக்கு வைத்ததும், 1976இல் வேறு சிலரோடு சேர்ந்து அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியைத் தொடங்கியதும், மறைந்துகொண்டிருந்த கைத்தொழிலை மீட்டுக் கொடுத்தன. அதே காலத்தவரான பாப் லவ்லெஸ் பட்டையிலிருந்து தேய்த்தெடுக்கும் முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர். அவருடைய வேட்டைக் கத்தியின் வடிவத்தை இன்றும் பலர் பார்த்துச் செய்கிறார்கள்.

மோரன் தொடங்கிய அந்தச் சங்கம் வைக்கும் தேர்வு கொஞ்சம் பேசத்தக்கது. தொங்கும் ஓர் அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். மரச்சட்டத்தை வெட்டித் துண்டாக்குவதை இரண்டு முறை செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் கை முடியை மழிக்கும் கூர் இருக்க வேண்டும். கடைசியில் அதே கத்தியைப் பிடிகருவியில் மாட்டி 90 டிகிரி வளைக்க வேண்டும், உடையக் கூடாது. இதைப் பார்த்துவிட்டு, "என் கத்தியும் இப்படி வளையணும்" என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. அது செய்கிறவரின் கைப்பக்குவத்துக்கான தேர்வு. அப்படி வளைவதற்காக முதுகை வேண்டுமென்றே மென்மையாக விட்டிருப்பார்கள். அன்றாட வேலையில் தவறிப்போய் வளைத்தால் மென்மையான முதுகு வளைந்தபடியே நின்றுவிடும். சீராகத் தோய்ச்சல் விழுந்த அலகு வளைந்தாலும் திரும்ப நிமிரும். கத்தி வாங்குகிறவருக்கு இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். இன்னொன்று: அலகு எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதைத் தோய்ச்சல் மாற்றாது, தடிமன்தான் மாற்றும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். மெல்லிய கத்தி வளைந்து கொடுக்கிறது என்பதற்காக அதைச் சோடை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கரி உருக்கா, எவர்சில்வரா?

முறையைவிட இந்தக் கேள்விதான் வாங்குகிறவரின் நாள்களைப் பாதிக்கும். இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. அடிப்பதற்கு இணங்குவது கரி உருக்கு. துருப்பிடிக்காத வகைகள் காற்று பட்டாலே இறுகும், குறுகிய சூட்டு எல்லைக்குள்தான் நகரும், கொஞ்சம் ஆறியபின் அடித்தால் வெடிக்கும். "அடிச்ச கத்தி, ஆனா துருவே பிடிக்கக் கூடாது" என்பது இருப்பதிலேயே கடினமான கோரிக்கை. கரி உருக்கை நடுவில் வைத்து இரு பக்கமும் துருப்பிடிக்காத தகட்டைப் பொருத்தி அடிப்பது ஒரு வழி. அதிலும் வாய் ஓரம் கரி உருக்குதான். அங்கே துரு வரும்.

எவர்சில்வர் கத்தி கூர் நிற்காது என்பது மலிவான கத்திகள் பரப்பிவிட்ட பெயர். சவர பிளேடுக்காக ஸ்வீடனில் உருவான ஏஇபி-எல் என்ற உருக்கில் 13 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. உள்ளே இருக்கும் கடினத் துகள்கள் மிகப் பொடியாக இருப்பதால் கூர் மிக நுணுக்கமாக ஏறும். ஆனால் அதற்கு 1,050 டிகிரிக்கு மேல், துல்லியமாகக் கட்டுப்படுத்தும் மின் உலை வேண்டும். காற்றுப் படாமல் உறையில் சுற்றி வைக்க வேண்டும், வெளியே எடுத்ததும் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அழுத்திக் குளிர்விக்க வேண்டும், பிறகு உறையும் குளிரிலும் போட்டெடுக்க வேண்டும். நிறம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. அந்த வசதி இல்லாத பட்டறையில் எவர்சில்வர் கத்தி கேட்காதீர்கள்.

கரி உருக்கு இன்னொரு விதம். சில வாரம் புழங்கினால் அலகில் சாம்பலும் நீலமும் கலந்த நிறம் படியும். அந்தப் படலம் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். சாணைக்கல்லில் நாலு இழுப்பில் கூர் திரும்பிவிடும். கூர் பிடிப்பதில் இன்பம் காண்கிறவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. ஆனால் ஈரத்தோடு வைத்தால் மன்னிக்காது. நான் ஆசையாக அடித்துக் கொடுத்த கத்தி ஒன்று நான்காவது மாதம் திரும்பி வந்தது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறியிருக்கிறது, ஒரு முறையல்ல, பல முறை. செந்துருவைத் தேய்த்து எடுத்தால் அடியில் ஊசி குத்தியதுபோல் பள்ளங்கள். வாய் ஓரத்தில் 2 மில்லிமீட்டரைத் தேய்த்துத் தள்ளித்தான் சீராக்க முடிந்தது. அவர் மேல் தப்பில்லை. அவர் வீட்டில் நாலு பேர் அந்தக் கத்தியை எடுப்பார்கள் என்பதை நான் கேட்டிருக்க வேண்டும்.

மற்றவை

பிடியைப் பற்றிச் சுருக்கமாக. அலகின் வால் பிடியின் முழு அகலத்துக்கும் போய் இரு பக்கமும் கட்டை பதித்தால் முரட்டு வேலைக்கு நல்லது, பின்பக்கம் கனக்கும். வால் ஒல்லியாகப் பிடிக்குள் மறைந்து போனால் எடை குறையும், கைக்குக் குளிரும் ஏறாது, ஈரம் புக ஒரே ஒரு வாய்தான் இருக்கும். ஒட்டு சரியாக இருந்தால் மறைவான வால் பலவீனம் இல்லை. மரப்பிடி ஈரத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும். அவ்வப்போது எண்ணெய் தடவ மாட்டோம் என்றால், துணி அடுக்குகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்யும் மைக்கார்ட்டா எடுத்துக்கொள்ளுங்கள்.

டமாஸ்கஸ் வரிகள்: 1084உம், நிக்கல் கலந்த 15என்20உம் அடுக்கி, காய்ச்சி ஒட்டி, மடித்து அடிப்பது. 7 அடுக்கை ஐந்து முறை இரட்டித்தால் 224. அமிலத்தில் முக்கினால் ஒன்று கறுக்கும், நிக்கல் உள்ளது வெள்ளியாக நிற்கும். அழகுக்காகக் கேளுங்கள், நான் மகிழ்ச்சியோடு செய்வேன். கூடுதலாக வெட்டும் என்று நினைத்துக் கேட்காதீர்கள்.

வெட்டுவதைத் தீர்மானிப்பது வாய்க்குச் சற்று மேலே அலகு எவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்பது. சமையலறைக் கத்திக்கு அங்கே 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர், மரம் செதுக்கவும் வெளிவேலைக்கும் 0.5க்குக் குறையாமல். இந்த அளவை அடித்த கத்தியிலும் அறுத்த கத்தியிலும் ஒரே பெல்ட்டில்தான் தேய்த்துக் கொண்டுவருகிறோம். செய்து தருபவரிடம் "அடித்ததா?" என்று கேட்பதற்கு முன்னால் இந்த எண்ணைக் கேளுங்கள்.

இப்போது என்னிடம் வந்தால் என்ன சொல்வேன்? பலர் புழங்கும் வீடு, கழுவி உடனே துடைக்கும் பழக்கம் இல்லை என்றால் அறுத்தெடுத்த எவர்சில்வர். ஒருவர் மட்டும் எடுக்கும் கத்தி, முனை மெலிந்து கழுத்து கனத்து, அவர் கைக்கென்றே எடை நிற்க வேண்டும் என்றால் அடித்த கரி உருக்கு. மெல்லிய, நேரான, சிறிய கத்திக்கு அடிப்பது வீண் உழைப்பு என்பேன். அவரோ, சம்மட்டித் தடம் முதுகில் தெரிய வேண்டும், ஒரு மனிதர் நெருப்பின் முன் நின்று செய்தது என்று தெரிய வேண்டும் என்றால், அதற்காகவே அடித்துத் தருவேன். அந்த ஆசையை நான் குறைவாக நினைப்பதில்லை.

எதுவாக இருந்தாலும் பேச வரும்போது இப்போது புழங்கும் பழைய கத்தியைக் கொண்டுவரச் சொல்வேன். வாய் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, எங்கே மடங்கியிருக்கிறது, பிடியில் பெருவிரல் எங்கே வழவழப்பாக்கியிருக்கிறது என்று பார்த்தால் பாதிக் கேள்வியைக் கேட்கவே வேண்டியிருக்காது. வருவதற்கு முன் அதைக் கழுவித் தேய்த்துவிட வேண்டாம், இருக்கிற மாதிரியே ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள்.