போன் சும்மா இருந்தால் பன்றி வரவில்லை என்று நம்பலாமா? சிம் போட்ட டிரெயில் கேமராவுக்கு நான் வாங்கிப் பார்த்த பேட்டரிகள்

வேப்பூர்ப் பக்கம் அப்பா விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் புன்செய்யில் தம்பி மக்காச்சோளம் போடுகிறான். புரட்டாசியில் விதைத்தால் கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கும். அந்த வாசம் காட்டுப்பன்றிகளுக்கு எட்டிவிட்டால் ஒரே இரவில் கால் ஏக்கர் போய்விடும். தின்பதைவிட மிதித்துச் சாய்ப்பதுதான் அதிகம். பக்கத்து நிலங்களில் சிலர் திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறார்கள். அதில் பன்றி மட்டுமா சாகிறது? இரவில் மடை திருப்பப் போன மனிதர்கள் செத்த செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். எங்கள் நிலத்தில் அது கூடவே கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் 2024 ஆவணியில் இந்தக் கேமராவை வாங்கினேன்.

டிரெயில் கேமரா என்பது விலங்கு எதிரே நடமாடினால் தானாகப் படமெடுக்கும் கேமரா; சிம் போட்டது படத்தைப் போனுக்கும் அனுப்பும். இது அமெரிக்க வேட்டைக்காரர்களுக்காக வளர்ந்த பொருள். மான் எந்த வழியில், எத்தனை மணிக்கு நடமாடுகிறது என்று மரத்தில் கட்டிவைத்துப் பார்ப்பார்கள். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. எங்களுக்கு வேண்டியதெல்லாம் எச்சரிக்கை மட்டும்தான். வரப்பில் பன்றி கால் வைத்ததும் படம் தம்பியின் போனுக்கும் என் போனுக்கும் வரும். அவன் டார்ச்சும் தகர டின்னுமாக ஓடுவான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்து அடுத்த படத்தைப் பார்த்து, "கிழக்குப் பக்கம் திரும்பிவிட்டது" என்று சொல்வேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, நவம்பர் கடைசி வாரம் வரை. அப்போது கேமராவுக்கு மின்சாரம் தந்தது அதன் தலையிலேயே ஒட்டியிருந்த சிறு சோலார் தகடும், உள்ளே இருந்த லித்தியம் பேட்டரியும்தான். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு நான்கைந்து நாள் முன்பிருந்தே வானம் மூடிக் கிடந்தது. போனில் படம் ஏதும் இல்லை. "மழையில் பன்றி வரவில்லை போல, அக்கா" என்றான் தம்பி. நானும் நம்பினேன். மழை விட்டுப் போய்ப் பார்த்தால் வடக்கு மூலை முழுவதும் தரையோடு தரை. கேமரா எப்போதோ செத்திருந்தது.

என் கோபமெல்லாம் அந்த மௌனத்தின் மேல்தான். பன்றி வராத இரவும் பேட்டரி இல்லாத இரவும் போனில் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே அடுத்த பருவத்துக்கு ஒரே கேள்வியோடு பேட்டரி தேடினேன்: எதைப் போட்டால் கேமராவின் மௌனத்தை நம்பலாம்?

தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். அதனால் முதலில் மல்டிமீட்டரை எடுத்து, கேமரா எவ்வளவு குடிக்கிறது என்று பார்த்தேன். சும்மா காத்திருக்கும்போது ஒரு மில்லிஆம்பியர்கூட இல்லை. இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியும் கணத்தில் மின்னோட்டம் துள்ளும், ஆனால் அது ஒரு நொடிச் சமாச்சாரம். உண்மையான செலவு படத்தை அனுப்புவதில்தான். டவரைத் தேடிப் பிடித்து, படத்தை அனுப்பி முடிக்க முப்பது விநாடி. அந்த நேரம் முழுவதும் சராசரியாக அரை ஆம்பியர். கணக்குப் போட்டால் ஒரு படத்துக்குச் சுமார் 4 மில்லிஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு, ஆயிரம் சேர்ந்தால் ஒரு ஆம்பியர்-மணி). இரவுக்கு ஐம்பது படம் என்றால் 200.

அதே கேமராவை முதலில் கட்டியிருந்த பள்ளத்து மூலையில் வைத்து அளந்தேன். அங்கே சிக்னல் ஒரே ஒரு கோடு. ஒரு படம் போக இரண்டு நிமிடம் பிடித்தது. அதாவது நான்கு மடங்கு செலவு. மேட்டு வரப்புப் பனைமரத்துக்கு, நாற்பது அடி தள்ளி, மாற்றிக் கட்டியதும் பழையபடி அரை நிமிடத்துக்கு வந்துவிட்டது. எந்த பேட்டரிக்கும் பணம் கொடுக்கும் முன்பு இதைச் செய்யுங்கள். இதற்குக் காசு ஆகாது. புயல் நாளில் டவரே விழுந்துவிட்டால் கேமரா தேடித் தேடியே தன்னைக் காலி செய்துகொள்ளும் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேட்டைக்காரர்கள் தரும் பொதுவான யோசனை, படங்களைச் சேர்த்துவைத்து நாளுக்கு இரண்டு முறை அனுப்பச் சொல்வது. பேட்டரி வெகுவாக மிச்சமாகும். அவர்களுக்கு விலங்கின் பழக்கம் தெரிந்தால் போதும். எங்களுக்கோ அந்த நிமிடமே தெரிய வேண்டும். அதனால் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை மட்டும் கேமரா விழித்திருக்கும்படி வைத்தேன். பகலில் மாடும் ஆளும் போவதைப் படமெடுத்து அனுப்பும் வீண் செலவு நின்றது.

என் கேமராவில் ஏஏ அளவு பேட்டரி, நாம் சுவர்க்கடிகாரத்தில் போடுவதுதான், எட்டு போட இடம் இருக்கிறது. சாதாரண ஆல்கலைன் எட்டு 320 ரூபாய். அரை ஆம்பியர் இழுவைக்கு அவை ஈடுகொடுக்கவில்லை. கடிகாரத்தில் வருடக்கணக்கில் ஓடும் செல், இங்கே ஏழாம் இரவில் உயிரை விட்டது. அதில் இன்னொரு தொல்லையும் வந்தது. இரண்டு செல் மட்டும் தீர்ந்துவிட்டதென்று தம்பி புதிதாக இரண்டைச் சேர்த்துப் போட்டிருக்கிறான். பழையதும் புதியதும் ஒரே வரிசையில் இருந்தால் சக்தி குறைந்த செல் தலைகீழாக மின்னேற்றம் ஆகிக் கசியும். திறந்தபோது கம்பிச்சுருளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. அது காரம், பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தேன், நுரைத்துக்கொண்டு வந்தது. பிறகு உலரவிட்டு உப்புத்தாளால் சுரண்டினேன். பிழைத்தது.

திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல்களை நம்பி வாங்காதீர்கள், உங்கள் கேமரா அமைப்பில் அதற்கென்று தனித் தேர்வு இருந்தாலொழிய. ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், எட்டும் சேர்ந்தால் 9.6. பன்னிரண்டை எதிர்பார்க்கும் கேமரா, முழுச் சார்ஜில் இருக்கும் செல்லையே தீர்ந்துபோனதாக நினைக்கிறது.

லித்தியம் ஏஏ செல் நல்ல பொருள். எட்டுக்கு 2,000 ரூபாயை ஒட்டி ஆனது. எடை குறைவு, எளிதில் கசியாது, 60 டிகிரி வெயிலையும் தாங்கும். அரை ஆம்பியர் இழுவையிலும் கொள்ளளவு அதிகம் குறைவதில்லை. பதினான்கு இரவு ஓடியது. ஆனால் கடைசி நாள் வரை அளவுகோல் நிரம்பியே நின்று, திடீரென்று விழுந்தது. எனக்கு வேண்டாதது இந்தக் குணம்தான். இப்போது அவற்றை அவசரத்துக்கு மட்டும் உள்ளே வைத்திருக்கிறேன். வெளியே கம்பியில் இணைத்திருக்கும் பேட்டரி நின்றுபோனால் என் கேமரா தானாக உள்ளே இருப்பதற்கு மாறிக்கொள்ளும்.

ஈய அமில பேட்டரியின் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. தொலைபேசி நிலையத்தின் பேட்டரி அறையில் இரண்டிரண்டு வோல்ட்டாக இருபத்துநான்கு செல் வரிசையாக நிற்கும், 48 வோல்ட். கரண்ட் போனாலும் ஊர் பேசிக்கொண்டே இருக்கும். அந்தப் பாசத்தில், யுபிஎஸ் பெட்டிக்குள் இருக்குமே, அந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியைத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் 950 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து அளந்தால் 12.2 வோல்ட். புதிதாகச் சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஓய்வில் 12.8-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்த பழைய சரக்கு. திரும்பக் கொண்டுபோனபோது, "போடப் போடச் சரியாகிவிடும், அம்மா" என்றார்கள். ஆகவில்லை. பணம் கொடுக்கும் முன்பு அங்கேயே மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல பேட்டரியாகவே இருந்தாலும் இதில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக ஏழில் கைக்கு வருவது மூன்றரைதான். எடையோ இரண்டு கிலோவுக்கு மேல்.

நான் இப்போது வைத்திருப்பதும், மனமாரப் பரிந்துரைப்பதும் லித்தியம் இரும்பு பாஸ்பேட். 32650 என்ற அளவுள்ள, டார்ச் கைப்பிடி பருமனான செல் நான்கு, ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. தொடராக இணைத்தால் 12.8 வோல்ட். புதுச்சேரியில் மின்ஆட்டோ பேட்டரி கட்டும் இளைஞர் ஒருவர், அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறவோ இறங்கவோ விடாத பாதுகாப்புச் சுற்றுடன் 2,400 ரூபாய்க்குக் கட்டித் தந்தார். நான்கு செல்லின் வோல்ட்டையும் தனித்தனியே என் எதிரிலேயே அளந்து, நூறில் ஒரு பங்குகூட வித்தியாசமில்லாதவற்றைப் பொறுக்கி எடுத்தார். அந்தப் பொறுமைக்கே கூடக் கொடுக்கலாம். எடை முக்கால் கிலோ வராது. கொள்ளளவில் பெரும்பகுதியையும் பயமில்லாமல் பயன்படுத்தலாம். வெயிலே இல்லாவிட்டாலும் என் கணக்கில் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கும்.

கூடவே 10 வாட் சோலார் தகடு, 800 ரூபாய். நல்ல வெயிலில் நாளுக்கு மூன்று ஆம்பியர்-மணி தரும். கேமராவுக்கு அது பல மடங்கு அதிகம். ஆனால் பன்றி வருகிற மாதமும் வானம் மூடுகிற மாதமும் நமக்கு ஒன்று. அடர்ந்த மேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும், அதாவது 300 மில்லிஆம்பியர்-மணி. எங்கள் 200-க்கு அது போதும். கேமரா தலையில் ஒட்டிய இரண்டு வாட் தகட்டில் அந்தப் பத்தில் ஒரு பங்கு எந்த மூலைக்கு?

தகட்டுடன் வந்த தாளில் 45 டிகிரி சாய்க்கச் சொல்லியிருந்தது. அது சூரியன் தெற்கே தாழ்ந்து ஓடும் குளிர்நாட்டுக்குச் சரி. நாம் இருப்பது பதினொன்றரை டிகிரி அட்சரேகையில். தெற்கு நோக்கிப் பதினைந்து டிகிரி போதும். மழைநீரும் தூசியும் வழிந்துவிடும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவே மின்னேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் வாங்கும்போது லித்தியம் பாஸ்பேட்டுக்கு என்று கேட்டு வாங்குங்கள், உச்சவரம்பு 14.6 வோல்ட். கேமராவின் வெளி இணைப்பு 12 வோல்ட்டா, 6 வோல்ட்டா என்பதையும், முள்ளின் நடுப்பகுதி நேர்முனைதானா என்பதையும் பார்த்துவிட்டே செருகுங்கள். நேர்முனைக் கம்பியில் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று அவசியம்.

இதற்கும் ஒரு குறை உண்டு. பெரும்பகுதி தீரும் வரை வோல்ட் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், மிச்சம் எவ்வளவு என்று மீட்டர் சரியாகச் சொல்லாது. அதனால் தினமும் மாலை ஆறே காலுக்கு ஒரு படம் தானாக எடுத்து அனுப்பும்படி கேமராவில் வைத்தேன். வெறும் வரப்பும் பனையும்தான் அதில் இருக்கும். அது வந்துவிட்டால் அன்றைய மௌனம் நம்பத்தக்கது. வராவிட்டால் தம்பி டார்ச்சோடு காவலுக்குப் போய்விடுவான்.

போன கார்த்திகையில் ஒன்பது நாள் வெயிலே முகம் காட்டவில்லை. ஒன்பது நாளும் ஆறே கால் படம் வந்தது. பத்தாம் நாள் போய் அளந்தேன்: 13.1 வோல்ட். மார்கழியில் ஒரு மாலை மட்டும் படம் வரவில்லை. உள்ளே இருந்த லித்தியம் செல்களைத் தம்பி கைவிளக்குக்கு எடுத்துப் போயிருந்தான். தகட்டிலிருந்து வரும் கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, பேட்டரியிலிருந்து கேமராவுக்குப் போகும் கம்பியை எலி கடித்திருந்தது. இப்போது எல்லாக் கம்பியும் அரை அங்குலப் பிளாஸ்டிக் குழாய்க்குள் போகிறது. பேட்டரிப் பெட்டிக்குள் கட்டெறும்பு குடியேறாமலிருக்கக் குழாய் நுழையும் துளையைச் சுற்றி கிரீஸ் தடவியிருக்கிறேன்.

அறுவடை முடிந்துவிட்டது. தகடும் பேட்டரியும் புரட்டாசி வரை மாட்டுக்கொட்டகை விளக்குக்கு.