எட்டாம் வகுப்புக்கு புக்மார்க் அடித்த அச்சகம்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

பாளையங்கோட்டையில் ஒரு சிஎஸ்ஐ நடுநிலைப்பள்ளியில் எட்டாம் வகுப்பு கிளாஸ் டீச்சர் நான். எங்களிடம் எட்டு வரைதான். ஏப்ரல் முடிந்தால் 34 பிள்ளைகளும் சவேரியார், ஜான்ஸ், சாராள் தக்கர், இக்னேஷியஸ் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். பிரிவு உபசாரத்துக்கு வருடா வருடம் பேனாதான் கொடுப்போம், அது வீட்டுக்குப் போகும் வழியிலேயே கைமாறிவிடும். இந்த முறை பெயர் போட்ட புக்மார்க் கொடுக்கலாமே என்று ஊரில் ஒரு அச்சகத்துக்குப் போனேன். கடைப் பெயர் வேண்டாம், அண்ணாச்சி நல்ல மனிதர்.

வேலை சுத்தம். கெட்டியான 300 ஜிஎஸ்எம் அட்டை, மேட் லேமினேஷன், முனை வட்டமாக வெட்டி, மேலே நீலநூல் குஞ்சம், ஒன்று 20 ரூபாய். மற்ற கடைகளில் நூறுக்குக் குறைந்தால் அடிக்க மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள், இவர் 34-க்கும் சரி என்றார். ஒருத்தன் அன்றைக்கே தண்ணீர் பாட்டிலோடு போட்டு நனைத்தான், துடைத்ததும் ஒன்றும் ஆகவில்லை.

வகுப்பில் பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள், மேலப்பாளையத்திலிருந்து இரண்டு முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு, அதனால் பைபிள் வசனமா குறளா என்று அவர்களையே கேட்டேன். குறள் கேட்பார்கள் என்று நான் நினைத்தவர்களில் பலர் 121-ஆம் சங்கீதம்தான் வேண்டும் என்றார்கள். காலை ஜெபத்தில் சொல்லிச் சொல்லி நாக்கில் ஏறியதுதான், வேறென்ன. எங்கள் வீடுகளில் யாராவது ஊருக்குக் கிளம்பினால் வாசிக்கிற சங்கீதம் அது, எனக்கும் பொருத்தமாகப் பட்டது.

விழாவன்று கட்டைப் பிரித்துக் கொடுத்து, ஒரு பிள்ளையை எழுந்து வாசிக்கச் சொன்னேன். "கர்த்தர் உன் பேக்கையும்..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். 'கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்' என்பதுதான் வசனம், அதில் 'போக்கையும்' என்பதன் துணைக்காலைக் காணோம். ஒரு விநாடி அமைதி, அப்புறம் பின் பெஞ்சிலிருந்து "லஞ்ச் பேக்கையுமா டீச்சர்?" என்று ஒரு குரல், அவ்வளவுதான், ஹெட்மாஸ்டர் உட்பட யாரும் மிச்சமில்லை.

மூன்று பக்கம் எழுதி வைத்திருந்த பேச்சை மடித்து வைத்துவிட்டேன். "சரி, பேக்கை அவர் பார்த்துக்குவார், உள்ளே இருக்கிற டிசியை நீங்க பார்த்துக்கோங்க" என்று அங்கிருந்தே தொடங்கினேன். புதுப் பள்ளியில் உங்கள் பெயர் டீச்சருக்குத் தெரிய ஒரு மாசமாகும், அதுவரை ரோல் நம்பர்தான், கோபப்படாதீங்க, கணக்கு புரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை தவிர எந்தச் சாயங்காலமும் வீட்டுக்கு வாங்க என்றேன். மூன்று பக்கத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. அழக்கூடாது என்றிருந்தேன், ஜெபம் பண்ணும்போது முடியவில்லை.

சாயங்காலம் நேரே கடைக்கு. நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதை அவர்களுடைய பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கால் விழுந்துவிட்டதாம். அதில் இரட்டைக்கொம்பு தனி, கால் தனி. அடிக்கும் முன் சரிபார்க்க ப்ரூஃப் அனுப்பத்தான் செய்தார், நான் 34 பெயரையும் எழுத்தெழுத்தாகப் பார்த்தேன், வசனத்தைப் பார்க்கவில்லை, மனப்பாடமானதை யார் வாசிக்கிறார்கள்? ஆனாலும் தமிழ் அச்சடிக்கிற கடையில் தமிழ் வாசிக்க ஒரு ஆள் வேண்டாமா? இரண்டு நட்சத்திரம் அதற்குத்தான் குறைத்தேன். மறுபேச்சில்லாமல் வசனம் கேட்டவர்களுக்கெல்லாம் இரண்டே நாளில் இலவசமாகத் திரும்ப அடித்துக் கொடுத்தார், அது இல்லையென்றால் ஒன்றுதான் போட்டிருப்பேன். இங்கே வேலை கொடுப்பதானால் ப்ரூஃபை காகிதத்தில் எடுத்து, விஷயம் தெரியாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

டிசி வாங்க வந்த அன்று திருத்தியதை மேஜையில் அடுக்கி வைத்திருந்தேன். இரண்டு பேர்தான் மாற்றிக்கொண்டார்கள். "எங்களுக்கு பேக்தான் வேணும் டீச்சர்" என்று மற்றவர்கள் போய்விட்டார்கள், மிச்சமெல்லாம் என் மேஜை டிராயரில் கிடக்கிறது.