சுங்கை சிப்புட் வாசிப்பு வகுப்பு: டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஏற்றதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் நடத்தும் வாசிப்பு வகுப்புக்கு, மூன்றாம் ஆண்டில் படிக்கும் என் மகன் சென்று வருகிறான். அவனுக்கு டிஸ்லெக்சியா இருப்பதை மருத்துவர்கள் உறுதிப்படுத்திய பிறகே அங்கே சேர்த்தோம். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இதே சிக்கலோடு தவிக்கும் பெற்றோருக்கு உதவும் என்பதால் இவ்வகுப்பைப் பற்றி எழுதுகிறேன்.

டிஸ்லெக்சியா கண்ணில் உள்ள கோளாறு அன்று, சோம்பலும் அன்று. சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிந்து அவற்றை எழுத்தோடு பொருத்துவதில் ஏற்படும் சிரமமே அது. அதனால்தான் ஒரே சொல்லைப் பக்கம் பக்கமாக எழுத வைப்பதால் பலன் கிடைப்பதில்லை. பார்த்தும் கேட்டும் சொல்லியும் தொட்டும் கற்கும் முறையை 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்காமும் உருவாக்கினர். ஆங்கிலத்துக்காகப் பிறந்த அந்த முறையை இந்த ஆசிரியை தமிழின் இயல்புக்கு ஏற்ப மாற்றியமைத்திருக்கிறார். இவ்வகுப்பை நான் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்கும் பழக்கம் இங்கே இல்லை. முதலில் எழுத்தையே காட்டாமல், ‘படம்’ என்ற சொல்லைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்கிறார். பிறகு சில உயிரெழுத்துகள், சில மெய்யெழுத்துகள், அவை சேரும் விதம் என்று படிப்படியாக நகர்கிறார். தமிழ் வாசிப்பில் இத்தகைய பிள்ளைகளைத் தடுமாற வைக்கக்கூடியவை கொம்பு வரும் எழுத்துகள். ‘கொ’ என்று ஒலிக்கும்போது மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வர, எழுத்திலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்கின்றன. என் மகன் ‘கொடி’யைக் ‘காடி’ என்று வாசித்து வந்தான். கொம்பைக் கவனிக்காமல் காலை மட்டும் பிடித்துக்கொண்டதே காரணம். ஆசிரியை கொம்பு, ககரம், கால் மூன்றையும் தனித்தனி மரத்துண்டுகளில் செதுக்கி வைத்திருக்கிறார். “தம்பி, வாயால சொல்லிக்கிட்டே நகர்த்துப்பா” என்று சொல்லி, ககரத்தை நடுவில் வைத்து இருபுறமும் துண்டுகளைச் சேர்க்க வைப்பார். ‘கெ’, ‘கா’, ‘கொ’ மூன்றும் ஒரே துண்டுகளிலிருந்து உருவாவதை அவன் விரல்களால் உணர்ந்த பிறகுதான் அந்தக் குழப்பம் குறையத் தொடங்கியது.

ல, ள, ழ போன்ற எழுத்துகளை அவர் ஒரே நாளில் கற்றுத் தருவதில்லை. ஒன்று நன்றாக ஊன்றிய பிறகே அடுத்ததை எடுக்கிறார். பள்ளிப் பாடத்தின் வேகத்துக்கு இது ஒத்துவராது என்று சில பெற்றோர் பொறுமை இழக்கிறார்கள். இந்த நிதானத்தை வகுப்பின் பலமாகவே நான் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. மலாய் வாசிப்பு இங்கே கற்பிக்கப்படுவதில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் மலாயையும் ஆங்கிலத்தையும் ரூமி எனப்படும் ரோமன் எழுத்தில் படிக்க வேண்டியிருப்பதால் இது பெரிய விடுபடல். மலாய் எழுத்துகள் பெரும்பாலும் எழுதியபடியே ஒலிப்பதால் அசைகளைப் பிரிக்கும் பயிற்சியை வீட்டிலேயே செய்து வருகிறோம். வீட்டுக்குத் தரும் பயிற்சித் தாள்களில் எழுத்து சிறிதாகவும் வரிகள் நெருக்கமாகவும் உள்ளன. கேட்டால் பெரிதாக்கிப் படியெடுத்துத் தருகிறார். சாலையின் இரைச்சல் மாலையில் கவனத்தைச் சிதறடிக்கிறது. பிள்ளையின் முன்னேற்றத்தை எழுத்தில் தருவதும் இல்லை. மாதம் 120 ரிங்கிட் கட்டணம் தோட்டத்துச் சம்பளத்துக்குச் சுமைதான். ஆனாலும் இத்தகைய வகுப்புக்காக ஈப்போ நகருக்குப் போய்வரும் செலவோடும் அலைச்சலோடும் ஒப்பிட்டால் தாங்கக்கூடியது.

இவ்வகுப்பு மருத்துவச் சோதனைக்கு மாற்றாகாது. ஆசிரியையும் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். சந்தேகம் இருப்பவர்கள் முதலில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கை அணுகி, அங்கிருந்து மருத்துவமனைக்குப் பரிந்துரை பெறலாம். மருத்துவர் உறுதிப்படுத்தினால், சமூகநல இலாகாவில் கற்றல் சிக்கல் என்ற பிரிவில் பதிந்து ஓ.கே.யூ. எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை பெறவும் வழியுண்டு.

தமிழில் இன்னும் எழுத்துக்கூட்ட முடியாத, ஏழிலிருந்து பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இவ்வகுப்பு மிகவும் பொருந்தும். இடைநிலைப் பள்ளி மாணவருக்கு ஏற்ற பாடங்கள் இங்கு இல்லை. சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பு முழுவதும் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க ஆசிரியை அனுமதிக்கிறார். அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.