வாய்வழி உறவில் எந்தத் தொற்றுக்கு எவ்வளவு பயப்படலாம்?

"வாயால்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது?" என்று தோளைக் குலுக்குபவர்கள் உண்டு. ஒரே ஒரு முறை நடந்ததற்காக மாதக்கணக்கில் தூக்கம் தொலைத்து, எச்.ஐ.வி. பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பவர்களும் உண்டு. இரண்டு பேருமே போடுவது தப்புக்கணக்குதான். முதலாமவர் எதற்கும் பயப்படுவதில்லை. இரண்டாமவரோ, இருப்பதிலேயே வரும் வாய்ப்பு குறைந்த ஒன்றுக்குப் பயந்து சாகிறார்.

எச்.ஐ.வி.யையே முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அரசின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. தரும் கணக்கு இது: தொற்றுள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவருடன் ஆசனவாய் உறவில் ஏற்பவருக்கு 10,000 முறைக்குச் சுமார் 138 முறை தொற்றலாம். பெண்ணுறுப்பு வழி உறவில் பெண்ணுக்கு அது 8. வாய்வழிக்கு எண்ணே போடவில்லை. 'குறைவு' என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள். எச்சிலில் இருக்கும் சில புரதங்கள் வைரஸை முடக்குகின்றன. வாயின் உட்பரப்பும் லேசில் வழிவிடாது. ஈறில் ரத்தம் வந்தாலோ, வாயில் புண் இருந்தாலோ, விந்து வாய்க்குள் போனாலோ ஆபத்து கொஞ்சம் கூடும். தொற்றுள்ளவர் மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தப் பரிசோதனையில் வைரஸ் தென்படாத நிலையிலேயே இருந்து வந்தால் உறவின் வழியே அவரிடமிருந்து அது பரவாது.

பாக்டீரியாவால் வரும் பால்வினைத் தொற்றான கொனோரியா இதற்கு நேர் எதிர். அதற்குத் தொண்டை வசதியான குடியிருப்பு. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மிஞ்சிப்போனால் லேசான தொண்டைவலி, அதையும் சளி என்று நினைத்துவிடுவோம். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சிறுநீரை மட்டும் சோதித்து 'தொற்று இல்லை' என்று வந்தால், தொண்டையில் இல்லை என்று அர்த்தமில்லை. தொண்டையில்தான் ஸ்வாப் எடுக்க வேண்டும். நீளமான பஞ்சுக்குச்சியை இரண்டு டான்சில்களிலும் பின்சுவரிலும் தேய்த்து எடுப்பார்கள். ஓரிரு விநாடி குமட்டும், அவ்வளவுதான். தொண்டைக் கொனோரியா பிறப்புறுப்பில் வருவதைவிடப் பிடிவாதமானது. ஊசி போட்ட பிறகும் 7 முதல் 14 நாளுக்குள் மறுபடி சோதித்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான். இதே போல பாக்டீரியாவால் வரும் கிளமிடியாவும் தொண்டைக்கு வரும், ஆனால் குறைவு.

சிபிலிஸையும் ஹெர்பிஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், இரண்டுமே புண்ணாக வருவதால். சிபிலிஸ் புண் பெரும்பாலும் ஒற்றையாக இருக்கும், விளிம்பு கெட்டியாக இருக்கும், பொதுவாக வலிக்காது. தொற்றி ஏறக்குறைய மூன்று வாரத்தில் உதட்டிலோ நாக்கிலோ தொண்டையிலோ வந்து, சில வாரங்களில் தானே ஆறிவிடும். ஆறியது புண்தான், நோய் உள்ளே நடந்துகொண்டே இருக்கும். ஹெர்பிஸ் அப்படியல்ல. முதலில் சுருசுருவென்று எரியும், பிறகு சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக எழும்பி, உடைந்து பொருக்காகும். வலிக்கும். சிபிலிஸைப் பென்சிலின் குணமாக்கிவிடும். ஹெர்பிஸ் உடம்பிலேயே தங்கிவிடும், மாத்திரையால் அடக்கி வைக்கலாம். ஆனாலும் நான் அதிகம் கவலைப்படுவது சிபிலிஸுக்குத்தான். வலிக்கிற புண்ணை யாரும் விடமாட்டார்கள். வலிக்காத புண்ணை எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

ஹெர்பிஸில் திசையும் மாறுகிறது. மற்றத் தொற்றுகளில் பெரும்பாலும் வாயைப் பயன்படுத்துபவருக்கே ஆபத்து அதிகம். உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் வகையான எச்.எஸ்.வி.-1 பெரும்பாலும் வாயிலிருந்து எதிராளியின் பிறப்புறுப்புக்குப் போகும், கொப்புளம் கண்ணுக்குத் தெரியாத நாளிலும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவரிடம் இந்த வைரஸ் இருக்கிறது. பலருக்கும் அது சிறுவயதிலேயே, வீட்டார் கொடுத்த முத்தத்தில் வந்தது. ஆகவே இதை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க வேண்டாம்.

எச்.பி.வி. (ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) ஆற அமர வேலை செய்யும். பெரும்பாலானோரின் உடம்பு அதை ஓரிரு வருடத்தில் துரத்திவிடும். எச்.பி.வி.-16 சிலரிடம் தங்கிப்போனால், பல வருடம் கழித்து டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ புற்றுநோயாகலாம். தொண்டையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வழக்கமான பரிசோதனை கிடையாது. தடுப்பூசி இருக்கிறது, அதுவும் உறவு தொடங்கும் வயதுக்கு முன்பே போட்டால் பலன் அதிகம்.

பாதுகாப்பு என்று வந்தால், ஆணுறைக்கு ஈடு எதுவுமில்லை. பெண்ணுறுப்பு, ஆசனவாய்ப் பக்கம் என்றால் மெல்லிய லேடக்ஸ் விரிப்பு உண்டு, கடையில் கிடைப்பதுதான் அபூர்வம். ஒரு ஆணுறையின் நுனியையும் வளையத்தையும் வெட்டி எடுத்து, நீளவாக்கில் கீறி விரித்தால் அதே விரிப்புதான். ஒரு முறைக்கு மேல் வேண்டாம், பாதியில் திருப்பிப் போடவும் வேண்டாம். ஆசனவாய்ப் பக்கம் வாய் போனால் ஹெபடைடிஸ் ஏ, ஷிகெல்லா மாதிரி மலத்தின் வழியே பரவும் கிருமிகளும் சேர்ந்துகொள்ளும்.

மவுத்வாஷை நம்பி இறங்க வேண்டாம். சுத்தமாக இருக்கலாம் என்று உறவுக்குச் சற்று முன் அழுத்திப் பல் தேய்ப்பது இன்னும் மோசம்: ஈறு கீறி, நாமே கதவைத் திறந்து வைத்தது போலாகும். தொற்று வராமல் இருக்க முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை எச்.ஐ.வி.யை மட்டும்தான் தடுக்கும். மேலே சொன்ன மற்ற எதற்கும் அது கேட்காது.

அந்த இரண்டாமவருக்கு ஒரு வார்த்தை. நடந்து 45 நாள் கழித்து, ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துச் செய்த நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனை (வைரஸின் புரதத்தையும் அதற்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுவது) 'இல்லை' என்றால், இல்லைதான். ஐந்தாவது தடவையாக அதையே எடுக்கக் கிளம்பியிருந்தால், போகிற போக்கில் தொண்டை ஸ்வாப்பும் சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் பல இடங்களில் தொண்டையைப் பார்ப்பதே இல்லை.